அம்மா பட்டியலில் இல்லை

என் அம்மா பதினான்கு வருடம் வேலை பார்த்த தொழிற்சாலையின் வாசலில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவரை உள்ளே விடாமல் நிறுத்தியது நான்தான். என் சொந்தக் குரலில், மிகுந்த மரியாதையோடு நிறுத்தினேன். அடுத்த முக்கால் மணி நேரத்தில் இன்னும் நானூறு பேரையும், மேனேஜரையும், என்னையும்கூட நிறுத்தினேன். பாரபட்சம் காட்டினேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

ஆம்பூரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு ஷூ கம்பெனி அது. பெயர் வேண்டாம். அம்மாவின் தோழிகள் பலர் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள். அம்மாவின் பெயர் எஸ்தர். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் பிரிவில் மெஷினில் உட்கார்ந்தவர். அந்த மாதம்தான் அவருக்கு சாம்பிள் லைனைக் கொடுத்திருந்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று புது மாடலைக் கேட்டால், முதலில் சில ஜோடிகளை மட்டும் தைத்துக் காட்டும் முப்பத்தெட்டுப் பெண்களின் வரிசைக்கு சாம்பிள் லைன் என்று பெயர். அதை நடத்துகிறவர் சூப்பர்வைசர். எல்லோருக்கும் நீலக் கோட்டு, சூப்பர்வைசருக்கு மட்டும் மெரூன்.

மேனேஜர் தேவராஜ் சார் அம்மாவிடம் மெரூன் கோட்டைக் கொடுத்தபோதே நிபந்தனையையும் சேர்த்துக் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழம பையரம்மா வர்றாங்க. அவங்க முன்னால லைன் நல்லா ஓடுச்சின்னா கோட்டு உங்களுது. இல்லன்னா பழையபடி மெஷின்தாம்மா. எனக்கும் மேல ஆள் இருக்காங்க."

பையர் என்றால் ஷூ வாங்கும் கம்பெனியின் ஆள். அந்த அம்மையார் ஜெர்மனியிலிருந்து வருகிறவர். அம்மா அந்தக் கோட்டை வியாழக்கிழமை இரவு இரண்டு முறை இஸ்திரி போட்டார். இரண்டாவது முறை எதற்கு என்று கேட்டேன். முதல் முறை துணிக்கு, இரண்டாவது மனசுக்கு என்றார்.

நான் வேலூரில் எம்.சி.ஏ. முடித்து, அம்மா சொன்ன ஒரு வார்த்தையில் அதே கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் பயிற்சிப் பணியாளராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பெட்டிகளின் மேல் ஒட்டும் லேபிள்களை அச்சடிப்பது என் வேலை. அந்த வேலைக்கு நான் ஜாஸ்தி படித்துவிட்டேன் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. (முகத்திலும் தெரிந்திருக்கிறது. பிறகு பலர் சொன்னார்கள்.)

வாய்ப்பு தானாக வந்தது. பையரம்மா முந்தைய தடவை வந்தபோது, கம்பெனிப் பட்டியலில் இல்லாத சிலர் உள்ளே உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். வேலை நெருக்கடியில் யாரோ ஒரு கான்ட்ராக்டர் கூட்டிவந்த ஆட்கள். அடுத்த முறை நான் வரும்போது, உள்ளே வரும் ஒவ்வொருவரும் பட்டியலில் இருக்கிறார்களா என்று வாசலில் ஒரு இயந்திரம் பார்க்க வேண்டும், அதன் பதிவை நான் படிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தேவராஜ் சார் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார்.

"ஒரு ஆளு லிஸ்ட்ல இருக்காங்களா, இல்லையா. அவ்ளோதான். எத்தன நாள் ஆகும்?"

"ரெண்டு நாள் சார்."

யோசித்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வி அத்தனை எளிதாக இருந்தது. கல்லூரியில் இரண்டாவது வாரமே சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு வரிசை இருக்கிறது, அதில் ஒரு பொருள் இருக்கிறதா என்று பார். அதற்கென்றே ஒற்றைக் கட்டளை தயாராக இருக்கிறது. அதை எழுதினால் கம்ப்யூட்டர் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று சொல்லும். உலகத்தில் இதைவிடச் சின்னக் கேள்வி இல்லை என்று நினைத்தேன்.

எழுதியும் முடித்தேன். ஒவ்வொரு தொழிலாளியும் என் புரோகிராமில் ஒரு ஆப்ஜெக்ட். அதாவது பெயரும் எண்ணும் எழுதிய ஒரு சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள், எல்லாம் ஒரு டப்பாவில். வாசலில் ஒரு டேப், அதாவது கேமரா வைத்த பலகை போன்ற சின்னக் கம்ப்யூட்டர், மாட்டப்படும். அடையாள அட்டையை அதன் முன் காட்டினால் எண்ணைப் படித்துக்கொள்ளும், டப்பாவில் தேடும்.

பரீட்சித்தும் பார்த்தேன். சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்ல வேண்டாம். முதல் சீட்டை எடுத்தேன், டப்பாவில் இருக்கிறதா என்று கேட்டேன். உண்டு என்றது. நூறாவது சீட்டை எடுத்தேன். உண்டு. கடைசிச் சீட்டு. உண்டு. மிச்ச நேரத்தைக் குரல் பதிவுக்குக் கொடுத்தேன். டேப் பேச வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன். 'வணக்கம், உள்ளே வரலாம்' என்பதை ஏழு முறை பதிவு செய்து, நல்லதைத் தேர்ந்தெடுத்தேன். 'மன்னிக்கவும், நீங்கள் பட்டியலில் இல்லை' என்பதை ஒரே முறை. அது யாருக்கும் கேட்கப்போவதில்லை என்று நினைத்தேன்.

தேவராஜ் சார் தன் பங்குக்கு ஒரு அறிவிப்பை அச்சடித்து வாசலில் ஒட்டினார். இயந்திரம் ஏற்காத தொழிலாளரோ அலுவலரோ, எந்தப் பொறுப்பில் இருந்தாலும், உள்ளே அனுமதிக்கப்பட மாட்டார்கள். வாட்ச்மேன் ஏழுமலை அதை இரண்டு முறை படித்தார். ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்தவர். எழுத்தில் வந்த உத்தரவின் மேல் அவருக்குத் தனிப் பிரியம் உண்டு.

"நீங்க வந்தாலுமா சார்?"

"நான் வந்தாலும்தான்."

"சரி சார்."

வெள்ளிக்கிழமை காலை மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் அம்மாவும் நானும் ஒன்றாகத்தான் போனோம். வழியெல்லாம் அம்மா, கேட் மெஷின் என் பொண்ணு எழுதினது என்று இரண்டு இருக்கைக்கு முன்னாலும் இரண்டு இருக்கைக்குப் பின்னாலும் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் வழியாகப் பாலாற்று மணலைப் பார்த்தபடி, கேட்காதவள் போல் கேட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் இறங்கியதும் எல்லோரும் அம்மாவுக்கு வழிவிட்டார்கள். மெரூன் கோட்டு, மெஷினை எழுதியவளின் தாய். முதலில் போகும் உரிமை அவருக்குத்தான்.

அம்மா அட்டையைக் காட்டினார்.

"மன்னிக்கவும்," என்றது என் குரல். "நீங்கள் பட்டியலில் இல்லை."

அம்மா டேப்புக்குக் கிட்டே குனிந்தார். "ஏய், நான்டி," என்றார்.

"மன்னிக்கவும். நீங்கள் பட்டியலில் இல்லை."

"அட்டைய திருப்பிக் காட்டுங்க எஸ்தரக்கா," என்றார் ஏழுமலை. திருப்பிக் காட்டினார். துடைத்துக் காட்டினார். மன்னிப்பு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அடுத்து வந்த ஷபானாவும் பட்டியலில் இல்லை. இவள் என்னோடு பள்ளியில் படித்தவள். பத்தாவதோடு நின்று தையல் மெஷினுக்கு வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவரும் இல்லை. அவருக்குப் பின்னால் நின்றவரும் இல்லை. மற்ற பஸ்களும் வந்து சேர்ந்தன. எட்டரை மணி சங்கு ஊதியபோது உள்ளே ஒருவரும் இல்லை. வெளியே என் குரல் நிமிடத்துக்குப் பத்து மன்னிப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

நான் முன்னால் போய் என் அட்டையைக் காட்டினேன். நானும் பட்டியலில் இல்லை. அந்த வாக்கியத்தை இவ்வளவு இனிமையாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்போது தோன்றியது.

"இன்னாடி இது," என்றாள் ஷபானா. "உன் மெஷினுக்கு உன்னையே தெரியலயே."

தேவராஜ் சார் பைக்கில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். நேராக வந்து அட்டையைக் காட்டினார். மன்னிக்கவும். கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார். ஏழுமலை குறுக்கே நின்று, அறிவிப்பை விரலால் காட்டினார்.

"யோவ், நான்தான்யா அதை ஒட்டினேன்."

"தெரியும் சார். அதனாலதான் விட மாட்டேன்."

தேவராஜ் சார் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். அறிவிப்பைக் கிழித்துவிட்டு எல்லோரையும் விட்டிருக்கலாம்தான். ஆனால் டேப் ஒவ்வொரு மறுப்பையும் நேரத்தோடு பதிந்துகொண்டிருந்தது. இயந்திரம் மறுத்தும் உள்ளே விட்டார்கள் என்று பையரம்மா படித்தால் ஆர்டரே போய்விடும். பத்து மணிக்கு அவர் வருகிறார். அதற்குள் சாம்பிள் லைன் ஓடியாக வேண்டும். சரிசெய்யத் தேவையான லேப்டாப்போ கம்ப்யூட்டர் அறையில், கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அம்மா இது எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவர் கவனம் ஏழுமலையின் மேஜை மேல் இருந்தது.

"ஏழுமலண்ணா, விசிட்டர் வந்தா எப்படி உள்ள விடுவீங்க?"

"நோட்டுல எழுதச் சொல்லுவேன். கழுத்துல கார்டு மாட்டிவிடுவேன்."

"விசிட்டர மெஷின் பாக்கணும்னு போட்டிருக்கா?"

ஏழுமலை அறிவிப்பை மூன்றாம் முறையாகப் படித்தார். "தொழிலாளரோ அலுவலரோன்னுதான் போட்டிருக்கு."

"அப்ப நான் விசிட்டர். நோட்டக் குடுங்க."

ராணுவம் சிறிது நேரம் யோசித்தது. உத்தரவில் இதற்குத் தடை இல்லை. நோட்டு திறந்தது. விசிட்டர் கார்டுகள் மொத்தம் நாற்பது. அம்மா சாம்பிள் லைன் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினார். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்ற கட்டத்தில் எல்லோரும் தேவராஜ் சார் என்று எழுதினார்கள். தேவராஜ் சாரும் தேவராஜ் என்றே எழுதினார். முப்பத்தெட்டுப் பெண்கள், அம்மா, தேவராஜ் சார். நாற்பது கார்டும் தீர்ந்தது.

"அம்மா, நானு?"

"நீ எந்த மெஷின்ல உக்காந்து தைக்கப் போற? இங்கயே இரு," என்று சொல்லிவிட்டு அம்மா போய்விட்டார்.

தேவராஜ் சார் லேப்டாப்பை எடுத்துவந்தார். கம்பெனிப் பொருள் வெளியே போக கேட் பாஸ் வேண்டும் என்றார் ஏழுமலை. கொடுப்பவர் இடத்திலும் பெறுபவர் இடத்திலும் தேவராஜ் சாரே கையெழுத்துப் போட்டார். அவர் அப்போது என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "பாரும்மா," என்று மட்டும் சொன்னார்.

எங்கள் பஸ்ஸின் படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். என்னைச் சுற்றி முந்நூற்றுச் சொச்சம் பெண்கள். ஒரு புரோகிராமர் வேலை செய்வதை யாரும் இப்படி வட்டமாக நின்று பார்த்ததில்லை. கேமரா எண்ணைச் சரியாகப் படிக்கிறதா என்று பார்த்தேன். படித்தது. பட்டியல் முழுதாக ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டும் இருந்தன. அம்மாவின் எண் பட்டியலில் இருந்தது. அம்மாவின் அட்டையிலும் அதே எண். ஆனாலும் இல்லை என்றது. இந்த நிலையில் இருபது நிமிடம் போயிற்று.

"இவ்ளோ நேரத்துல நான் நாலு ஜோடி முடிச்சிருப்பேன்," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

ஒன்பது மணி சுமாருக்கு வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. பையரம்மா. ஒரு மணி நேரம் முன்னதாக. உயரமான பெண்மணி. கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். தனக்கான வரவேற்பு என்று நினைத்திருக்க வேண்டும். முந்நூறு பேரும் பதிலுக்குக் கும்பிட்டார்கள். தேவராஜ் சார் ஓடிவந்து நோட்டை நீட்டினார். அவர் எழுதினார். அந்த நாளில் அந்த நோட்டில் எழுதிய ஒரே உண்மையான விசிட்டர் அவர்தான்.

"கார்டு இல்ல சார்," என்றார் ஏழுமலை.

"இன்னா?"

"நாப்பதும் உள்ள போய்டிச்சி."

தேவராஜ் சார் தன் கழுத்தில் தொங்கிய கார்டைத் தொட்டுப் பார்த்தார். அதைக் கொடுத்தால் அவர் வெளியே நிற்க வேண்டும், பையரம்மா தனியாகப் போக வேண்டும். லைனுக்குப் போன் போட்டு, யாராவது ஒரு கார்டைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் அம்மாவே வந்தார். கார்டைக் கழற்றி, பையரம்மாவின் கழுத்தில் தன் கையாலேயே, மாலை போடுவதுபோல் போட்டார். அவர் குனிந்து வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். அவரும் தேவராஜ் சாரும் உள்ளே போனார்கள். அம்மா வெளியே நின்றார்.

"நீ ஏம்மா வந்த?"

"முப்பத்தெட்டு பேரும் தெச்சிட்டிருக்காங்க. ஒருத்திய எழுப்பினாலும் லைன் நின்னுடும். சும்மா நின்னுட்டிருந்தது நான் ஒருத்திதான."

சூப்பர்வைசர் வேலைக்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் பிறகும் கேட்டதில்லை. ஆனால் பையரம்மா முதலில் தோல் வெட்டும் பிரிவுக்குப் போய், ஆள் இல்லாவிட்டாலும், அடுக்கியிருக்கும் தோலைப் பார்ப்பார். அங்கே பதினைந்து நிமிடம். அடுத்தது சாம்பிள் லைன். அங்கே சூப்பர்வைசர் இருக்க மாட்டார். சூப்பர்வைசர் ரோட்டில், மெரூன் கோட்டில், மகள் பக்கத்தில் நிற்கிறார்.

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"அஞ்சே நிமிஷம்மா."

"காலேஜ் ப்ராஜெக்ட் அப்பவும் இதேதான் சொன்ன. ரெண்டு மாசம் ஆச்சு."

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஷபானா வந்து படியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அழுவாத, பேஜாரு. நான் ஒண்ணு கேக்கறேன். நேத்து டெஸ்ட் பண்ணேன்னியே, யார வெச்சி பண்ண?"

"லிஸ்ட்ல இருந்துதான். முதல் ஆள், நூறாவது ஆள், கடைசி ஆள்."

"வெளிய இருந்து யாராவது வந்து அட்டைய காட்டுனாங்களா?"

"இல்ல."

"லிஸ்ட்ல இருந்தே எடுத்து லிஸ்ட்ல இருக்காங்களான்னு கேட்டா, இருக்காங்கன்னுதான சொல்லும். அவங்க வேற எங்க போவாங்க?"

நான் அவளைப் பார்த்தேன். பிறகு திரையைப் பார்த்தேன். இரண்டு வருடம் எம்.சி.ஏ. படித்த எனக்கு அந்த நொடியில்தான் அது புரிந்தது.

டப்பாவில் அம்மாவின் சீட்டு இருக்கிறது. வாசலில் அம்மா அட்டையைக் காட்டும்போது, என் புரோகிராம் அதே பெயரும் எண்ணும் எழுதிப் புதிதாக ஒரு சீட்டைத் தயாரிக்கிறது. பிறகு, இந்தச் சீட்டு டப்பாவில் இருக்கிறதா என்று கேட்கிறது. கம்ப்யூட்டருக்கு நாம் வேறு விதமாகச் சொல்லிக்கொடுக்காதவரை, 'அதே சீட்டு' என்றால் அதே தாள், அதே துண்டு. எழுத்து ஒன்றாக இருப்பதை அது பார்க்காது. புதுச் சீட்டு எப்படி டப்பாவில் இருக்கும்? அதனால் எல்லோருக்கும் இல்லை என்றது. நான் பரீட்சித்தபோது டப்பாவிலிருந்தே சீட்டை எடுத்தேன். அதனால் உண்டு என்றது. எண் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள்தான் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க ஆறு வரி போதும். அந்த ஆறு வரியை நான் எழுதவில்லை.

இதைச் சத்தமாகவே சொன்னேன். சுற்றி நின்றவர்களுக்கு என்ன புரியும் என்று நினைத்தேன்.

"ஊசி ரூம் மாதிரின்னு சொல்லு," என்றார் அம்மா.

எல்லோரும் தலையாட்டினார்கள். ஷூவுக்குள் உடைந்த ஊசித் துண்டு தங்கிவிடக் கூடாது என்பதற்காக, தைக்கும்போது ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு போய் ஊசி அறையில் கொடுக்க வேண்டும். அங்கே அவற்றைச் சேர்த்துவைத்துப் பார்ப்பார்கள். அதே அளவு, அதே கம்பெனி என்று வேறு ஊசியைக் கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள். அந்த ஊசியேதான் வேண்டும்.

"ஊசிக்கு அது சரி," என்றார் அம்மா. "ஆளுக்குமாடி அப்படிப் பாப்ப?"

ஆறு வரியை எழுதினேன். அவசரத்தில் ஒன்பது வரியாயிற்று, மூன்றை அழித்தேன். டேப்பில் ஏற்றினேன். அம்மா கேட்டின் முன்னால் போய் நின்றார். அட்டையை உயர்த்தியவர் ஒரு நொடி தயங்கினார். இயந்திரம் பேசியது.

"வணக்கம். உள்ளே வரலாம்."

"வணக்கம்," என்று டேப்பிடம் சொல்லிவிட்டு அம்மா ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மெரூன் கோட்டு காற்றில் தூக்கிக்கொண்டது. திரும்பிப் பார்க்கவே இல்லை.

மற்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளே போகும்வரை நான் கேட்டிலேயே நின்றேன்; மிச்சம் பலர் சொல்லித்தான் தெரியும். வெட்டும் பிரிவிலிருந்து பையரம்மா திரும்புவதற்கு ஒரு நிமிடம் முன்னால் அம்மா லைனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்டில் கார்டு போட்டுவிட்டவரே இங்கேயும் நிற்பதைப் பார்த்துப் பையரம்மா ஆச்சரியப்பட்டார். அதைவிட, தைக்கிற முப்பத்தெட்டுப் பேர் கழுத்திலும் விசிட்டர் கார்டு தொங்குவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். இவர்கள் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தேவராஜ் சார் பதில் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா முந்திக்கொண்டார்.

"சொல்லுங்க சார். மெஷின் தப்பு. எழுதினது என் பொண்ணு. என் லைன் மேல ஒரு தப்பும் இல்ல. வேணும்னா தையலப் பாத்துக்கச் சொல்லுங்க."

தேவராஜ் சார் அப்படியே மொழிபெயர்த்தார். (என் பெயரையும் சேர்த்து. அதைத் தவிர்த்திருக்கலாம்.) பையரம்மா ஒரு ஷூவை எடுத்துத் தையலின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். போகும்போது டேப்பின் பதிவையும் கேட்டு வாங்கிப் படித்தார். முக்கால் மணி நேரம் ஒருவர்கூட விடாமல் எல்லோருக்கும் மறுப்பு. இவ்வளவு கண்டிப்பான கேட்டை எங்கேயும் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஏழுமலை அதைத் தனக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மெரூன் கோட்டு அம்மாவிடமே தங்கியது. என் பயிற்சிக் காலம் இன்னும் ஆறு மாதம் நீண்டது. நான் எழுதும் எதையும் ஷபானா பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் ஓட்ட வேண்டும் என்று தேவராஜ் சார் உத்தரவு போட்டார். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்தது, ஒரே வருடத்தில் அவள் தையல் மெஷினை விட்டுக் கம்ப்யூட்டர் அறைக்கே வந்துவிட்டாள். இப்போது வேலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை. நான் அந்தத் துறையையே விட்டுப் பத்திரிகைக்கு வந்துவிட்டேன். இங்கே நான் எழுதியதை இன்னொருவர் படித்த பிறகுதான் அச்சுக்குப் போகும். எனக்கு நிம்மதியான ஏற்பாடு.

என் கல்யாணத்துக்கு முந்தின மாதம், யார் யாருக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று நானே உட்கார்ந்து பட்டியல் போட்டேன். அம்மா அதைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"ஷபானாகிட்ட குடு. நான் இருக்கேனான்னு பாக்கச் சொல்லு."

ஷபானா விரலை வைத்து, முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை நிதானமாக வந்தாள். தாளைத் திருப்பியும் பார்த்தாள்.

"இல்லியே ஆன்ட்டி."

உண்மைதான். பெண்ணைப் பெற்றவருக்கு யார் பத்திரிகை வைப்பார்கள்? நான் அதை விளக்கத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை. அம்மா பேனாவை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே எஸ்தர் என்று எழுதினார். பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு விசிட்டர் என்று சேர்த்தார். அந்தத் தாளை ஷபானா எடுத்துவைத்து, எங்கள் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். ஆல்பத்தைப் புரட்டுகிற எவரும் முதலில் கேட்பது, இது என்ன தாள் என்றுதான். அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். நான் டீ போடப் போய்விடுவேன்.